பின்னால் நின்றவன்

பிப்ரவரி 6, வியாழன்

திருநெல்வேலி, ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி. நேற்று ஆபரேஷன் முடிந்தது. வலது குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநார் முழுசாக அறுந்துவிட்டதாம். இழுத்துப் பிடித்துத் தைத்திருக்கிறார்கள். முழங்கால் வரை கட்டு. கால் என்னுடையதுதானா என்று அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

முப்பத்தொரு வருஷ சர்வீசில், அதிலும் ஒன்பது வருஷம் தலைமை ஆசிரியராக இருந்து, நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எழுத்தில் இல்லாதது நடக்காதது. ஆகவே நடந்ததை முறைப்படி எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய், காலை 6.40. கோவில்பட்டி, எங்கள் பள்ளி மைதானத்து ஷட்டில் கோர்ட். ஒரு பக்கம் நானும் விளையாட்டு வாத்தியார் ஐகோர்ட்துரையும். எதிர்ப்பக்கம் கணக்கு வாத்தியாரும் குமாஸ்தாவும். நான் முன்னால், துரை பின்னால். பதினேழுக்குப் பதினேழு. உயரமாக ஒரு பந்து வந்தது. "விடுங்க சார், நா எடுக்கேன்" என்று பின்னாலிருந்து கத்தினான். பெயரில்தான் ஐகோர்ட் இருக்கிறதே தவிர, யாரிடம் எப்படிப் பேசுவது என்ற சின்ன நியாயம்கூடத் தெரியாது. நாலு பேர் பார்க்க, ஹெச்.எம்.மைப் பார்த்து விடுங்க என்பதா? நான் காலை ஊன்றி எம்பினேன். பின்னாலிருந்து குதிகாலில் ஒரு மிதி. டப்பென்று சத்தம்கூடக் கேட்டது. விழுந்து திரும்பிப் பார்த்தால், மட்டையைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான்.

"ஏம்லே மிதிச்ச?" என்று கேட்டேன்.

"சார், நா உங்க பக்கத்துலயே இல்ல சார்" என்றான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அந்த முகத்தில் அது அப்படியே தெரிந்தது. மற்ற இருவரையும் கேட்டேன். "நாங்க பந்தத்தான் சார் பாத்துட்டு இருந்தோம்" என்றார்கள். பிழைக்கத் தெரிந்தவர்கள்.

இன்று காலை டாக்டர் வந்தார். தாளில் படம் வரைந்து ஏதேதோ விளக்கினார். என் மனைவி வடிவுதான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முக்கியமாக ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 8

படுத்த படுக்கையிலும் நிர்வாகம் நிற்கக்கூடாது. குமாஸ்தாவை ஃபோனில் கூப்பிட்டு துரைக்கு மெமோ சொன்னேன். "தலைமை ஆசிரியரின் காலை மிதித்துப் படுகாயம் ஏற்படுத்தியது குறித்து மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்க வேண்டும்." குமாஸ்தா கொஞ்சம் தயங்கினான். "படுகாயத்துக்கு முன்னால ஒரு 'ப்' சேத்துட்டேன் சார், தப்பா?" என்றான். அவன் தயங்கியது அதற்காக இல்லை என்று எனக்கா தெரியாது?

பிப்ரவரி 12

வீடு வந்து சேர்ந்தாயிற்று. துரையின் விளக்கம் வந்தது. மொத்தமே ஒரு வரி. "நான் மிதிக்கவில்லை ஐயா."

ஒன்பது வருஷமாக நிர்வாகச் சம்பளத்தில் தற்காலிக வாத்தியாராக இருக்கிறவன். பழைய விளையாட்டு வாத்தியார் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் காலியானால் ஜூனில் துரைக்குத்தான் நிரந்தர வேலை என்று ஊருக்கே தெரியும். அதற்குப் பள்ளிக் கமிட்டியில் என் கையெழுத்து வேண்டும் என்பதும் தெரியும். அப்படிப்பட்டவன் ஒரு வரி எழுதுகிறான்.

சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். நான் தூங்குவதாகச் சொல்லச் சொன்னேன். வடிவு அவனை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது.

பிப்ரவரி 20

தையல் பிரித்தார்கள். பெரிய பூட்ஸ் மாதிரி ஒன்றை மாட்டிவிட்டார்கள். உள்ளே குதிகாலுக்கு அடியில் மூன்று அடுக்கு. பத்து நாளைக்கு ஒன்றாக எடுப்பார்களாம். ஆறு மாதம் ஆகுமாம். யானைக்கும் அடி சறுக்கும் என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 25

பிசியோதெரபி பெண் வந்தாள். பெயர் பிரிசில்லா, நாசரேத்துக்காரி. இருபத்தைந்து வயதிருக்கும், பேச்சு ஐம்பது வயது. பூட்ஸைக் கழற்றி, பாதத்தை மெல்லக் கீழே அழுத்தி, மெல்ல விடச் சொன்னாள். மேலே இழுக்கவே கூடாது. "அவசரப்பட்டு இழுத்தீங்கன்னா தச்ச இடம் நீண்டுரும் சார். அப்புறம் நடக்கலாம், ஆனா உந்த முடியாது." பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை.

ஒரு நோட்டில் தினமும் வலிக்கு மதிப்பெண் போட வேண்டுமாம். பூஜ்யத்திலிருந்து பத்து வரை. நோட்டுதான் ஏற்கனவே இருக்கிறதே என்று இதையே காட்டினேன். கடைசியில் இதை அவளிடம் கொடுக்க வேண்டும் என்றாள்.

வலி: 6.

மார்ச் 3

காயம் நன்றாக மூடிவிட்டது. இனிமேல் தினமும் கெண்டைக்காலைத் தடவிக்கொடுக்க வேண்டும் என்கிறாள் பிரிசில்லா. அவள் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவாள். வடிவுக்கு மணிக்கட்டு வலி. "வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா சார்?" என்றாள்.

எனக்கு உடனே துரை ஞாபகம் வந்தது. இந்த ஊரில் பாதிப் பேர் ஹாக்கி ஆடியவர்கள். அவனும் ஆடியவன். மைதானத்தில் பிடிப்பு விழுந்தால் எல்லோரும் அவன் கையைத்தான் தேடுவார்கள். கெடுத்தவனே சரி செய்யட்டும். ஃபோன் போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தான்.

மார்ச் 5

காலை ஆறு மணிக்கு டாண் என்று வந்துவிட்டான். பாயை விரித்து உட்கார்ந்து, என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டான். கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி மட்டும் தடவினான், ஒரு தரம்கூடக் கீழ்நோக்கி வரவில்லை. தைத்த தழும்பை விரல்நுனியால் சின்னச் சின்ன வட்டமாக, பயந்து பயந்து தொட்டான். பிரிசில்லா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அண்ணா, எனக்கே நீங்க கிளாஸ் எடுக்கலாம்" என்றாள்.

அவள் போனதும் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சார், சத்தியமா நா மிதிக்கல சார்."

"துரை, அதை விடு. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு. ஃபைலை மூடிவிடலாம்" என்றேன்.

"செய்யாததுக்கு எப்படி சார்?"

"பேச்சுக்குத்தானே."

தடவிக்கொண்டே இருந்தான். வலி: 5.

மார்ச் 6

வலி: 5. துரை வந்தான். பேசவில்லை.

மார்ச் 7

வலி: 5. இன்றும் அப்படியே.

மார்ச் 14

இன்று கேட்டான். "கடிதம் குடுத்தா ஜூன்ல ஒண்ணும் தடங்கல் வராதுல்ல சார்?"

"எழுதாவிட்டால்தான் தடங்கல்" என்றேன்.

நான் சொல்லச் சொல்ல சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினான். கையெல்லாம் எண்ணெய். முதல் தாளில் கறை பட்டுவிட்டது, கிழித்துப் போடச் சொன்னேன். இரண்டாம் தாளில் "காலை மிதித்துவிட்டேன்" என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

"கவனக்குறைவாகன்னு சேத்துக்கிடட்டுமா சார்?"

சேர்த்துக்கொள் என்றேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் வடிவு அவனுக்குக் காபி கொண்டுவந்தாள். சம்பந்திகள் வந்தால் மட்டும் எடுக்கும் வெள்ளி டம்ளரில். என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருஷமாகப் பார்க்கிற பார்வைதான்.

மார்ச் 22

பூட்ஸில் கடைசி அடுக்கையும் எடுத்தாயிற்று. பாதம் தரையில் முழுசாகப் படுகிறது. துரையின் கையில் ஏதோ இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கெண்டைச்சதை சூம்பிப்போயிருந்தது, இப்போது கொஞ்சம் உருண்டு வருகிறது. வலி: 4.

மார்ச் 28, வெள்ளி

பிரிசில்லாவுக்கு வாய் அதிகம். துரை தடவிக்கொண்டிருக்கும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டாள்.

"அறுந்தப்ப எப்படி சார் இருந்துச்சு? பின்னால இருந்து யாரோ மிதிச்ச மாதிரியா?"

நான் நோட்டைத் திறந்து தேதி போட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க. கல்லால எறிஞ்ச மாதிரி, மட்டையால அடிச்ச மாதிரின்னு. போன வருஷம் ஒரு போலீஸ்காரர், மைதானத்துல தனியா ஓடிட்டு இருந்தவரு, எவன்டா உதச்சதுன்னு சண்டைக்கே திரும்பிட்டாராம். திரும்பிப் பாத்தா யாருமே இருக்க மாட்டாங்க. தசைநார் அறுந்தா அப்படித்தான் தெரியும்."

துரையின் கை நின்றுவிட்டது. என் கெண்டைக்காலைப் பிடித்தபடியே இருந்தான்.

"வலி எத்தனை சார் இன்னைக்கு?" என்றாள் பிரிசில்லா.

நான்கு என்றேன்.

மார்ச் 29

துரை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், அந்தப் பிள்ள சொன்னதக் கேட்டியள்லா? உங்க மேலயும் தப்பில்ல சார். உங்களுக்கு அப்படித்தான தெரிஞ்சிருக்கும்! நா ரெண்டு மாசமா எனக்கே சந்தேகமாப் போயி, தூக்கத்துல மிதிச்சேனோன்னுகூட நெனச்சேன் சார். கமிட்டில இத ஒரு வார்த்த சொல்லிருங்க சார். அந்தக் கடிதம் மட்டும் வேண்டாம்."

சொல்கிறேன் என்றேன். அவன் குனிந்து என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வழக்கத்தைவிட அரைமணி நேரம் கூடுதலாகத் தடவினான்.

அவன் போன பிறகு வடிவு வந்து நின்றாள்.

"இத ஆஸ்பத்திரிலயே டாக்டர் சொன்னாருல்லா? படம் போட்டுக் காமிச்சு, யாரும் மிதிச்சிருக்க மாட்டாங்க, பிரமைதான்னு. நீங்களும் ஆமான்னு தலையாட்டுனீங்க. அப்புறமும் அந்தப் பையன்கிட்ட எழுதி வாங்குனீங்களே?"

மயக்க மருந்து தெளிந்து ஒரு நாள்கூட ஆகாத நேரம். டாக்டர் சொல்லியிருக்கலாம். பிப்ரவரி 6 பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஏப்ரல் 9

நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்கும் பயிற்சி. பதினைந்து. துரை ஒரு பழைய ஹாக்கிப் பந்தைக் கொண்டுவந்து உள்ளங்காலில் உருட்டச் சொன்னான். சுகமாக இருந்தது. வலி: 3.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வடிவு துரையைச் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துவைத்துவிட்டாள். வேப்பம்பூப் பச்சடியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினான். ஜூனில் நிரந்தரமானால் ஆகஸ்ட் பதினைந்துக்கு அணிவகுப்பை அவன்தான் நடத்த வேண்டும், அதற்காக வெள்ளை ஷூ வாங்கிவிட்டதாக வடிவிடம் சொன்னான். "இப்பமே வாங்கியாச்சா?" என்று அவள் சிரித்தாள். "தள்ளுபடில போட்டிருந்தான் அக்கா" என்றான்.

இந்த வயதில் ஷூ வாங்கியதைச் சொல்ல வெட்கப்படவில்லை. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. பச்சடியில் கசப்பு அதிகம்.

ஏப்ரல் 30

நின்றுகொண்டு இரண்டு காலாலும் எம்புகிறேன், சுவரைப் பிடித்தபடி. வலி: 2.

மே 9, வெள்ளி

தாளாளர் வந்திருந்தார். நேரம் பார்த்து வந்ததுபோல துரை என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஓய், என்னவே இது! மிதிச்சவனையே கூட்டியாந்து கால் பிடிக்க வச்சிருக்கீரு? பெரிய மனசுவே உமக்கு. நானா இருந்தா அன்னைக்கே போலீசுக்குப் போயிருப்பேன். கடைத்தெருவுல எல்லாரும் உம்மப் பத்தித்தான் பேச்சு. மன்னிச்சா இப்படில்லா மன்னிக்கணும்னு."

துரை தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சொல்லுங்க சார் என்ற மாதிரி. வடிவும் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். எனக்கே தெரியும். ஆனால் முப்பத்தொரு வருஷத்தில் இந்த ஊர் என்னை முசுடு என்றும் முரடன் என்றும்தான் சொல்லியிருக்கிறது. ஒரு மனுஷன் பெரிய மனசுக்காரன் என்று பேர் எடுப்பது லேசான காரியமா? அதை வாசலில் வைத்தே திருப்பிக் கொடுப்பார்களா யாராவது?

"நம்ம பிள்ளைதானே, விட்டுவிடுவோம்" என்று தாளாளரிடம் சொன்னேன்.

துரை மறுபடி குனிந்துகொண்டான். வலி: 2.

மே 10

வடிவு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது.

மே 23, வெள்ளி

கமிட்டிக் கூட்டம். ஊன்றுகோலோடு போனேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

மூன்றாவது பொருள், உடற்கல்வி ஆசிரியர் நியமனம். தாளாளர் ஃபைலில் இருந்த துரையின் கடிதத்தை உரக்கப் படித்தார். "கவனக்குறைவாகத் தங்கள் காலை மிதித்துவிட்டேன், மன்னிக்கவும்." ஒரு உறுப்பினர், தலைமை ஆசிரியருக்கே இந்தக் கதி என்றால் பிள்ளைகள் கதி என்ன என்று கேட்டார். இன்னொருவர், அவனே எழுதிக் கொடுத்த பிறகு விசாரணை எதற்கு என்றார்.

நான் எழுந்து, அவனுக்குக் கருணை காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மன்னிக்கும்படி இரண்டு முறை சொன்னேன். அது தீர்மானப் புத்தகத்திலும் பதிவாகியிருக்கிறது. "அடிபட்டவரே மன்னிச்சாலும் நிர்வாகம் மன்னிக்கக்கூடாது" என்று தாளாளர் சொல்லிவிட்டார். நிரந்தர நியமனம் இல்லை. மே 31-ஓடு தற்காலிகப் பணியும் ரத்து. வழக்கப்படி நானும் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் சொன்னதைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

மே 24

வரமாட்டான் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு வந்தான். குமாஸ்தா நேற்றே சொல்லிவிட்டானாம். பாயை விரித்தான், எண்ணெயைச் சூடாக்கினான், கணுக்காலிலிருந்து மேலே தடவினான். கொஞ்சமும் அழுத்தம் கூடவில்லை. கூடியிருந்தால் எனக்குப் பேச ஒரு வழி கிடைத்திருக்கும்.

"நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் துரை" என்றேன்.

"குமாஸ்தா சொன்னாரு சார். மன்னிச்சிருங்கன்னு ரெண்டு தடவ சொன்னியளாம்" என்றான்.

வலி: 2.

மே 31

இன்றோடு அவன் வேலை முடிகிறது. காலையில் வந்தான். "ஒத்தக்கால் பயிற்சி பாக்கி இருக்கு சார். பாதில விட்டா கால் கெட்டுரும். அது முடியுற வரைக்கும் வாறேன்" என்றான். பிறகு தலையைச் சொறிந்தான். "ஒரு அனுபவச் சான்றிதழ் மட்டும் போட்டுத் தாங்க சார். கழுகுமலையில ஒரு பள்ளிக்கூடத்துல ஆள் கேக்காங்க."

அதானே பார்த்தேன். எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று இப்போதுதான் புரிகிறது. தருகிறேன் என்றேன்.

ஜூன் 2

பள்ளி திறந்தது. ஊன்றுகோல் இல்லாமல் மேடை ஏறினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். புது விளையாட்டு வாத்தியார் தாளாளரின் அக்காள் மருமகன். நல்ல பையன். "சார், நீங்க முன்னால போங்க" என்று எனக்குக் கதவைத் திறந்து விட்டான்.

ஜூன் 11

வாசல்படி பயிற்சி. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகால் வெளியே தொங்க, இரண்டு காலாலும் எம்பி, மெல்ல இறங்க வேண்டும். துரை பின்னால் நின்று இடுப்புக்கு அணைவாகக் கை வைத்திருந்தான், தொடாமல். "பயப்படாதீங்க சார், பின்னால நா நிக்கேன்" என்றான். பதினைந்து செய்தேன். சனிக்கிழமை முதல் வலது கால் மட்டும்.

சான்றிதழ் தயார் செய்துவிட்டேன். ஒன்பது ஆண்டுகள் பணி என்று முழுசாகப் போட்டிருக்கிறேன். நடத்தை என்ற இடத்தில் எல்லோருக்கும் "நன்று" என்று போடுவது வழக்கம். கமிட்டியில் ஒரு தீர்மானம் இருக்கும்போது நான் எப்படி நன்று போட முடியும்? நாளைக்கு என்னைக் கேட்பார்கள். "திருப்திகரம்" என்று போட்டேன். அதுவே அதிகம். திருப்திகரம் என்று எழுதிய சான்றிதழை எந்தத் தலைமை ஆசிரியரும் இரண்டாம் தரம் புரட்டிப் பார்க்க மாட்டார் என்பது வேறு விஷயம். நானே புரட்டியதில்லை.

ஜூன் 14, சனி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதுகிறேன்.

துரை ஆறு மணிக்கு வந்தான். ரப்பர் செருப்பு. தடவி முடித்ததும் உறையைக் கொடுத்தேன். "ரொம்ப நன்றி சார்" என்று வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தான். வாசல்படிக்கு வந்தோம். நான் கதவைப் பார்த்து, இரண்டு கையாலும் நிலையைத் தொட்டுக்கொண்டு படி விளிம்பில் நின்றேன்.

"இன்னைக்குப் பிடிக்க மாட்டேன் சார். நீங்களே செய்யணும். இடது காலத் தூக்குங்க" என்றான்.

தூக்கினேன். முழு உடம்பும் தைத்த காலில் நின்றது. அப்போது பின்னால் உறை கிழியும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. படிக்கிறான். ஒரு தாள்தான். எவ்வளவு நேரம் படிப்பான்? நடத்தை என்பது கடைசிக்கு முந்தின வரி.

நான் குதிகாலை உயர்த்தப் போனேன். மிதி வருகிறது என்று தெரிந்தது. முதுகுத்தண்டு முழுக்கத் தெரிந்தது. அவன் காலைத் தூக்கிவிட்டான், வந்துகொண்டே இருக்கிறது, அந்த இடத்திலேயே, தைத்த இடத்திலேயே.

"மிதிக்காதலே!" என்று கத்திவிட்டேன்.

கை நழுவிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவன் கேட்டுக்குப் பக்கத்தில், பத்துப் பதினைந்து அடி தள்ளி, தாளைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். பால்காரன் வண்டியை நிறுத்திவிட்டான். எதிர்வீட்டு அம்மாள் கோலப்பொடியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

துரை தாளை நாலாக மடித்து உறைக்குள் வைத்தான். அதே குரலில்தான் சொன்னான்.

"நா உங்க பக்கத்துலயே இல்ல சார்."

கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

வடிவு நிலையருகில் நின்றிருந்தாள். ஒரு மாசம் கழித்து அவள் என்னிடம் பேசியது இன்றுதான். "யாரும் மிதிக்கலங்க. அன்னைக்கும் மிதிக்கல, இன்னைக்கும் மிதிக்கல" என்றாள். கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. கதவைப் பிடித்து நானே எழுந்தேன்.

ஜூன் 15

ஆறு மணிக்குக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு மடக்கிக்கொண்டேன்.

ஜூன் 24

ஒற்றைக்கால் எம்பல்: 0. புது வாத்தியாரை வரச்சொல்லிப் பின்னால் நிற்கவைத்துப் பார்த்தேன். அவன் நிற்கிறான் என்பதே பயமாக இருந்தது. அனுப்பிவிட்டேன். வடிவைக் கேட்டேன். "நா நிக்க மாட்டேன். நாளைக்கு நானும் கடிதம் எழுதணும்" என்றாள்.

ஜூலை 3, வியாழன்

திருநெல்வேலி போய்வந்தேன். டாக்டர் ஸ்கேன் பார்த்தார். தசைநார் முழுசாகச் சேர்ந்துவிட்டது, நீளமும் கூடவில்லை, சதையும் நன்றாக ஏறியிருக்கிறது என்றார். "யாரு உங்களுக்குப் பிடிச்சுவிட்டது? அருமையான கை" என்றார்.

ஊரில் ஒரு ஆள் என்றேன்.

"அப்ப ஏன் ஒத்தக்கால்ல தூக்க முடியல? தூக்கணுமே" என்று அவரே குழம்பினார்.

ஜூலை 5, சனி

நாளை பிரிசில்லா நோட்டை வாங்க வருகிறாள். இதை எப்படிக் கொடுப்பது? புது நோட்டு ஒன்று வாங்கி, தேதியையும் எண்களையும் மட்டும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆறு, ஐந்து, ஐந்து, ஐந்து, நான்கு. படிக்க ஒழுங்காக இருக்கிறது. ஒரு மனுஷன் படிப்படியாகக் குணமானதுபோலத்தான் தெரிகிறது.

இந்தப் பழைய நோட்டில் பிப்ரவரி 6 பக்கத்தின் அடியில் இரண்டு வரி இடம் மிச்சம் இருந்தது. டாக்டர் சொன்னதை அதில் எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "யாரும் மிதிச்சிருக்க மாட்டாங்க சார், அவசரப்பட்டு யாரையும் சொல்லிராதீங்க." பேனாவை மூடிவிட்டேன். இப்போது எழுதி யாருக்கு என்ன?

பிறகு வாசல்படியில் போய் நின்றேன். தெருவில் ஆள் இல்லை. கேட்டை உள்ளே பூட்டியிருந்தேன். வடிவு கோவிலுக்குப் போயிருந்தாள். இடது காலைத் தூக்கி, பதினோரு தரம் எம்பப் பார்த்தேன். பதினோரு தரமும் பாதியில் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

வலி: 0.